பேரனுக்கு ஒரு துப்பாக்கி

பேரனுக்கு விட்டுப்போக ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது நாம் கல்யாணப் பட்டு எடுக்கிற அளவுக்கு யோசித்து, நாலு பேரைக் கேட்டு முடிவெடுக்கிற விஷயம். நம் வீடுகளில் தாத்தாவின் கைக்கடிகாரமும் பாட்டியின் காசுமாலையும் இறங்கி வருகிற மாதிரி, அங்கே சில குடும்பங்களில் ரைஃபிள் இறங்கி வருகிறது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியைத் தொட்டது பொருட்காட்சியில் பலூன் சுடும்போதுதான். ஆனால் வேட்டைக் கதை என்றால் மட்டும் ராத்திரி இரண்டு மணி வரை லைட்டை அணைக்க மாட்டோம். ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் இங்கே இன்னமும் விற்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் புலியின் பக்கம் நின்று படிக்காமல், துப்பாக்கியின் பக்கம் நின்று படித்துப் பார்க்கலாம். எந்தத் துப்பாக்கி பரம்பரைச் சொத்து ஆகிறது, எது ஆகாமல் போகிறது என்பதற்கு அந்தப் புத்தகங்களிலேயே விடை இருக்கிறது. எழுதியவர்கள் அதை விடை என்று நினைத்து எழுதவில்லை. அவ்வளவுதான்.

முதலில் கடைக்காரர் சொல்கிற விஷயங்கள். ரைஃபிள் என்றால் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டிய துப்பாக்கி. தோட்டா பம்பரம் மாதிரி சுழன்றபடி வெளியே வருவதால் நேராகப் போகும். பழைய ரைஃபிள் வாங்குகிறவர் முதலில் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். பள்ளங்கள் கூர்மையாக, பளபளவென்று இருக்க வேண்டும். துருப் புள்ளி தெரிந்தால் கீழே வைத்துவிடுவார். அடுத்தது மரம். நல்ல கட்டைக்கு வால்நட். கை பிடிக்கிற ஒல்லியான இடத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் என்றைக்காவது ஒரு நாள் அந்த இடத்தில்தான் முறியும்.

மூன்றாவது, தோட்டாவைக் குழலில் ஏற்றிப் பூட்டுகிற இயந்திரம். ஜெர்மனியின் மௌசர் கம்பெனி 1898-ல் கொண்டுவந்த அமைப்பைத்தான் இன்றைக்கும் பல கம்பெனிகள் கொஞ்சம் மாற்றிச் செய்துகொண்டிருக்கின்றன. நாலாவதுதான் முக்கியம். ஐம்பது வருஷம் கழித்தும் அதற்குத் தோட்டா கிடைக்க வேண்டும். ராஜாக்கள் வைத்திருந்த இரட்டைக் குழல் ரைஃபிள்கள் பலவற்றுக்கு இன்று தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கிறது. துப்பாக்கி இருக்கிறது, சாப்பாடு இல்லை.

இந்த நாலிலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய ஒரு துப்பாக்கி இந்தியாவில் இருந்தது. லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி, மௌசர் அமைப்பில் செய்த .275 ரைஃபிள். எடை குறைவு. அதன் தோட்டாவை இன்றும் தயாரிக்கிறார்கள். அதன் கட்டையில் ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. 1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜே.பி.ஹீவெட், கார்பெட்டுக்கு வழங்கியது என்று தகடு சொல்கிறது. அந்தப் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு.

உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளில் இது ஒன்று. 1926-ல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைக் கார்பெட் முடித்தது இதனால்தான். 1955-ல் அவர் கென்யாவில் இறந்தார். கல்யாணம் ஆகாதவர், வாரிசு இல்லை. துப்பாக்கி அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிடி பிரஸ்ஸுக்குப் போனது. பிறகு செய்த ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2016-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து குமாயூனில் காட்டினார்கள்.

இப்போது ‘மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாயூன்’ (1944) புத்தகத்தை எடுத்து, சம்பாவத் கதையைப் படியுங்கள். தகட்டை மனசில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சம்பாவத் புலியை ரிக்பி கொல்லவில்லை. கொல்ல முடியாது. அது அந்தக் கொலைக்குப் பரிசாக அப்புறம் வந்தது.

அன்றைக்கு நடந்தது வேறு. புலியைக் கலைத்து விரட்ட ஆள் வேண்டும். ஊர்த் தாசில்தார் ஒரு காரியம் செய்கிறார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொண்டு வரலாம், கண்டுகொள்ள மாட்டேன், மருந்து இல்லாதவர்களுக்கு மருந்தும் தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறார். 298 பேர் வந்து சேர்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆயுதங்களை வைத்து ஒரு மியூசியமே நடத்தலாம் என்கிற மாதிரி கார்பெட் எழுதுகிறார். இத்தனை நாள் கூரையில் செருகியிருந்ததெல்லாம் அன்று ஒரு நாள் பகலில் தலைகாட்டுகிறது.

கார்பெட் கையில் மூன்றே மூன்று தோட்டாக்கள். மூன்றையும் சுட்டுவிடுகிறார். புலிக்குக் காயம், சாகவில்லை. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். அது எப்படிப்பட்ட துப்பாக்கி? குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி விட்டு ஆட்டம் கண்டது. சுட்டால் புலிக்கு முன்னால் சுடுகிறவர் போய்ச் சேர வாய்ப்புண்டு. திறந்த வாயைக் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு வாயில் படவில்லை, காலில் பட்டது. ஏற்கெனவே பட்ட காயங்களால் செத்துக்கொண்டிருந்த புலி அத்தோடு விழுந்தது.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? கார்பெட்டேதான். தகட்டில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. புத்தகத்தில் தாசில்தார் இருக்கிறார், 298 பேர் இருக்கிறார்கள், ஓட்டைத் துப்பாக்கி இருக்கிறது, குறி தப்பியதும் இருக்கிறது. கார்பெட்டை நான் பெரிய எழுத்தாளர் என்று சொல்வது இந்த இடத்துக்காகத்தான். வெள்ளைக்கார வேட்டைப் புத்தகங்கள் நிறைய உண்டு. பல, செத்த மிருகத்தின் நீளத்தை அங்குலத்தில் சொல்லி, பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவோடு முடிந்துவிடும். துப்பாக்கியின் பெயர், தோட்டாவின் எடை எல்லாம் இருக்கும். கூட நடந்தவன் பெயர் இருக்காது. கார்பெட் தன் பெருமைக்கு ஆதாரமான கதையிலேயே, அந்தப் பெருமையில் தன் பங்கு எவ்வளவு என்று கறாராகக் கணக்குச் சொல்கிறார்.

அவருடைய முதல் துப்பாக்கி எது தெரியுமா? ‘ஜங்கிள் லோர்’ (1953) புத்தகத்தில் வருகிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய இரட்டைக் குழல். அதிலும் ஒரு குழல் வெடித்துப் பிளந்தது. கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. நல்லதாக இருப்பது ஒரு குழல்தான், அதையும் நிரப்ப நேரமாகும். அதனால் சுடுவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்கப் பழகினான் அந்தப் பையன். பரம்பரைச் சொத்து என்று பார்த்தால் ரிக்பியைவிட இந்த உடைசல்தான் அவருக்கு அதிகம் கொடுத்தது.

அடுத்து ஆண்டர்சன். பெங்களூர்க்காரர். அவர் நடந்த காடுகள் நமக்குப் பக்கம்: ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், சின்னாறு. ஏலகிரியின் ஆட்கொல்லிச் சிறுத்தை பற்றியும் ஒரு கதை உண்டு. ஏலகிரியிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அவருடைய பிரியமான துப்பாக்கி அமெரிக்க வின்செஸ்டர், .405. கதைக்குக் கதை அது வருகிறது, குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி. கார்பெட்டின் அடக்கம் இவரிடம் கிடையாது. கதை சொல்லும் உற்சாகத்தில் கொஞ்சம் ஏலக்காய், கிராம்பு சேர்ப்பார். அதற்கென்ன, படிக்க நன்றாக இருக்கிறது.

ஆனால் ஆண்டர்சனின் முதல் புத்தகத்தில் (1954) பைரா என்கிற பூசாரியைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அதில் அவர் கார்பெட்டுக்குச் சமமாக உயர்ந்துவிடுகிறார். பைரா காட்டுவாசி. அறிமுகமாகும்போது நாட்டுத் துப்பாக்கியோடு ஆற்றங்கரையில் பதுங்கி மானுக்காகக் காத்திருக்கிற திருட்டு வேட்டைக்காரன். ஆண்டர்சன் அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. நண்பனாக்கிக்கொள்கிறார். காட்டைப் படிக்கிற வித்தையை அவனிடம் கற்றுக்கொள்கிறார்.

அந்த ஆற்றங்கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு மனிதர்கள், இரண்டு துப்பாக்கிகள். இரண்டு பேரும் வந்தது வேட்டைக்கு. ஒருவர் செய்வதற்குப் பெயர் ஷிகார். இன்னொருவர் செய்வதற்குப் பெயர் திருட்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காகிதம். ஆண்டர்சனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கட்டுரையில் அவர் குரல் தணிந்திருக்கிறது. ஆனால் கேள்வியைக் கேட்காமல் நகர்ந்துவிடுகிறார். நாம் கேட்கலாம்.

அதற்கு வேலூர்ப் பக்கம் போக வேண்டும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் கணியம்பாடி. அங்கே அமிர்தி ரோட்டில் திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்கே கொண்டுபோய் விடும். அமிர்தியில் 1967-ல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் குழந்தைகள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மான் பார்ப்பார்கள். மலைக்கு மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ்தான். சாமை, தினை விதைப்பவர்கள். இங்கேயும் துப்பாக்கி உண்டு.

இந்த மலைகளில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தியை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். மேஜைமேல் வரிசையாக அடுக்கிய துப்பாக்கிகள், பின்னால் போலீஸார். ‘லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை’ என்று அவ்வப்போது அறிவிப்பும் வரும். அந்தப் போட்டோவை இனிமேல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிடைத்த இரும்புக் குழாய், கையால் செதுக்கிய கட்டை, அங்கங்கே கம்பிச் சுற்று. வாய்வழியாகக் கரிமருந்தும் ஈயமும் போட்டுக் குத்துக்கம்பியால் இடிக்கிற ரகம். கார்பெட் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு திரிந்ததற்குச் சொந்தத் தம்பி.

“இது எங்க தாத்தாவோடது.”

இந்த வாக்கியத்தை ஒரு எஸ்டேட் பங்களாவில் சொன்னால், விருந்தாளி எழுந்து வந்து கட்டையைத் தடவிப் பார்த்து, “அடேயப்பா!” என்பார். மலையில் ஒரு குடிசையில் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை.

சட்டம் எல்லோருக்கும் பொதுதானே, லைசென்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயம். இந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்துவிடலாம். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயம் ஆக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. கார்பெட் சுட்ட காலமெல்லாம் அந்தச் சட்டத்தின் நிழல்தான். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் வந்த ஆயுதச் சட்டம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. அதன் 13-ஆவது பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது: உண்மையிலேயே பயிரைக் காப்பதற்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். ஆக, சட்டம் எழுதினவர்களுக்கு மலையாளி விவசாயி இருப்பது தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து மலை உச்சிக் கிராமத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டிய தூரம் ரொம்ப அதிகம்.

நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அது வெடித்துச் சுட்டவர் கையே போகும். இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுடுவதும் நடக்கிறது. மானும் முயலும் சந்தைக்குப் போகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது, 1991-ன் திருத்தம் லைசென்ஸ் வேட்டை என்கிற மிச்ச வாசலையும் மூடியது. நல்ல காரியம்தான். மூடாமல் விட்டிருந்தால் அமிர்தியில் கம்பிக்கு உள்ளே இருக்கிற மான் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பயிரை மேயும் காட்டுப்பன்றிக்குக்கூட 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த வழி, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்பதே. விவசாயி சுடக் கூடாது. வேட்டை முடிந்துபோன கதை. அதைத் திரும்பத் திறக்க வேண்டாம்.

முடிந்துபோன கதையில் யார் பெயர் மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

குடகைப் பாருங்கள். அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்து விலக்கு. இந்த விலக்கை மத்திய அரசு 2019-ல் மேலும் பத்து வருஷம் நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, யாராவது இறந்தால் இரண்டு. கைல்போத் பண்டிகை அன்று ஆயுதங்களை எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, குழல் முனையில் ஒரு பூ செருகிக் கும்பிடுகிறார்கள். அந்தப் பூவுக்கு அங்கே பெயரே துப்பாக்கிப் பூ. வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர்.

மற்றவர்களுக்கு இல்லாத சலுகை இவர்களுக்கு மட்டும் ஏன் என்று சண்டை இருக்கிறது. அது தனிக் கதை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். அங்கே துப்பாக்கி வெளிச்சத்தில் இருக்கிறது. யாருடையது, எந்தத் தாத்தா வைத்திருந்தார் என்று கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல முடிகிறது. ஒளித்து வைக்கிற பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜவ்வாது மலையில் ஒரு பையனுக்கு அவன் தாத்தா துப்பாக்கியைக் கொடுக்கலாம், கதையைக் கொடுக்க முடியாது. கதை சொன்னால் மாட்டிக்கொள்வான். சொல்லாமல் சொல்லாமல் கதை செத்துவிடும். மிஞ்சுவது குழாய் மட்டும். குழாய் ஒரு நாள் போலீஸ் மேஜைக்கு வரும்.

கதை எப்படி மிஞ்ச வேண்டும் என்பதற்கு அதே மலையடிவாரத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரம், நடுகற்களுக்குப் பேர்போனது. அதில் எடுத்தனூர் நடுகல் ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்டது. அந்தக் கல்லில் அவனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவன் கையில் இருந்த ஆயுதத்தை எந்தக் கொல்லன் அடித்தான், என்ன விலை என்ற தகவல் இல்லை. நாயின் பெயர் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம். சம்பாவத்தின் 298 பேரில் ஒருவர் பெயர்கூட வெள்ளித் தகட்டில் ஏறவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

உங்கள் வீட்டில் லைசென்ஸோடு பழைய துப்பாக்கி இருந்தால் புதிதாக வாங்காதீர்கள். இந்தியாவில் அதை வைத்து வேட்டையாட முடியாது. இருப்பதை முறையாகக் கைமாற்றுங்கள். 2016-ன் ஆயுத விதிகள்படி, வைத்திருப்பவருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கி அவரிடம் வந்து இருபத்தைந்து வருஷமானாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; பரம்பரையாக வந்தது என்றாலும் அதே கணக்குதான். பேரன் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒப்படைத்துவிடலாம்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இந்தத் துப்பாக்கி யார் யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள். தாத்தா சுட்டதை மட்டும் எழுதாதீர்கள். தடம் காட்டியது யார், தண்ணீர் சுமந்தது யார், மரத்தில் பரண் கட்டியது யார், எத்தனை தடவை குறி தப்பியது, காயம்பட்டு ஓடிய மிருகத்தை யார் தேடிப் போனார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறபோதே கேட்டுவிடுங்கள். துரு பிடித்த குழலைத் துடைத்துவிடலாம். மறந்த பெயரை எந்த எண்ணெய் போட்டும் துடைத்து எடுக்க முடியாது.

மலையில் இருக்கிறவர்களுக்கு நோட்டு நாம்தான் வாங்கித் தர வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒப்படைக்கிற நாட்டுத் துப்பாக்கிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, சுட முடியாதபடி செய்து அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். வழக்கு வராது என்று உறுதி கொடுத்து, கொடுத்தவரை உட்கார வைத்து அதன் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கீழே ஒரு சின்ன அட்டை. வெள்ளித் தகடு வேண்டாம், சாதா அட்டை போதும். செய்த கொல்லர் பெயர், வைத்திருந்த தாத்தா பெயர், காவல் காத்த கொல்லையின் பெயர்.

நாய் இருந்திருந்தால் அதன் பெயரும்.